மோட்டார் சைக்கிளும் மைலேஜும்: கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து கல்வராயன் மலை வரை

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கைத் தமிழ்நாட்டில் 'மைலேஜ்' என்று சொல்வது வழக்கம். மைல் கணக்கு மறைந்து கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தச் சொல் மட்டும் மாறவில்லை. புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவரிடம் ஊரார் முதலில் கேட்பது "என்ன மைலேஜ் குடுக்குது?" என்பதுதான். வேகம், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

இக்கேள்வியை வெறும் சிக்கனக் குணம் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டும் இன்பம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு எட்டாமல் போனது என்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மைலேஜே முடிவு செய்தது. கள்ளக்குறிச்சிச் சமவெளியும் அதை ஒட்டி எழும் கல்வராயன் மலையும் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டுகள்.

இடமும் சாலையும்

கள்ளக்குறிச்சி முன்பு விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. உளுந்தூர்ப்பேட்டையையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 79 கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் செல்கிறது. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளி இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் சென்றால் மலை தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பரவியுள்ளது. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரம் கொண்டது. சில முகடுகள் அதைவிட உயர்ந்தவை. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இம்மலையில் பிறக்கின்றன. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு ஆகியவை மலைமேல் உள்ள ஊர்களில் சில. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சாமை, தினை, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுவதும், கடுக்காய், தேன், புளி போன்றவற்றைச் சேகரிப்பதும் இவர்களது தொழில்கள்.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது. சமவெளியில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் மலையில் தலைச்சுமையும் கால்நடையும்தான் போக்குவரத்து. மைலேஜின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்ரோல் கிடைக்காத காலம்

எரிபொருள் சிக்கனம் என்பது தமிழ்நாட்டுக்கு 1970களில் வந்த புதுக் கவலை அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கடும் தட்டுப்பாடாகியது. அப்போது மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பேருந்துத் தொழில் நடத்திவந்த டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலன்களைத் தயாரித்தது. அவற்றைப் பொருத்திய பேருந்துகள் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடின. புறப்படும் முன் கரி மூட்டி வாயு உண்டாகும் வரை காத்திருக்க வேண்டும், வேகமும் குறைவு. ஆனாலும் சாலைப் போக்குவரத்து நின்றுவிடாமல் காத்தது அந்த ஏற்பாடு. இதே குடும்ப நிறுவனங்களிலிருந்து பிற்காலத்தில் தமிழ்நாட்டின் சிக்கன வண்டிகள் பிறந்தன.

திருவொற்றியூர் புல்லட்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டதால் இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் பாகங்கள் அனைத்தும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச்சில் உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977இல் அதைப் பிறப்பித்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது.

புல்லட்டின் சத்தத்துக்கும் இழுவைக்கும் காரணம் அதன் என்ஜின் அமைப்பு. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் போய்வரும். கனத்த சக்கரம் ஒன்று அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே வலுவாக இழுக்கும். மேடு வந்தால் உடனே கியர் குறைக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் புல்லட் என்பது காவல் துறை, இராணுவம், வசதியான நிலக்கிழார், காண்ட்ராக்டர் ஆகியோரின் வண்டி. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும், எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத்தும் நகரங்களில் ஓடின. ஸ்கூட்டர் வேண்டுவோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கிராமத்தில் பெரும்பாலோருக்கு மிதிவண்டியே போதுமானதாக இருந்தது. அதாவது, அதுதான் எட்டியது.

1973: எண்ணெய் அதிர்ச்சி

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. ஈரான் புரட்சியை ஒட்டி 1979இல் இரண்டாவது அதிர்ச்சி வந்தது. தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இரண்டும் பலத்த அடி. 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. மிதமான வேகத்தில் ஓட்டுவது, டயரில் சரியான காற்று வைப்பது, சிக்னலில் என்ஜினை நிறுத்துவது போன்ற அறிவுரைகள் அதன் விளம்பரங்கள் வழியே பரவின.

ஓசூரில் தொடங்கிய மாற்றம்

1980இல் ஓசூரில் இருந்து 'டி.வி.எஸ். 50' வந்தது. இந்தியாவில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் மொபெட் இதுவே. மொபெட்டுகள் அதற்கு முன்பும் உண்டு. புணேயில் இருந்து வந்த லூனா புகழ்பெற்றிருந்தது. ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து போகலாம், அல்லது பின்னால் ஒரு மூட்டை கட்டலாம் என்ற வசதி கிராமத்தின் கணக்கை மாற்றியது. பால்காரர், காய்கறி வியாபாரி, ஆசிரியர், கணக்கர் எனப் பலருக்கு அது வாழ்க்கையின் முதல் மோட்டார் வண்டி. 50 சிசி என்ஜின் வேகமாகப் போகாது. குறைந்த எடை, குறைந்த வேகம் ஆகிய இரண்டுமே அதன் சிக்கனத்துக்குக் காரணம்.

1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கூட்டுறவுடன் சிக்கனமான இருசக்கர வாகனங்கள் செய்ய அரசு இடம் கொடுத்தது. ஜப்பானிய நுட்பத்துடன் முதலில் வந்த 100 சிசி மோட்டார் சைக்கிள் ஓசூரில் இருந்தே வந்தது. 1984இல் வெளியான இண்ட்-சுசுகி அது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆகிய இரண்டும் வந்தன. கவாசாகி பஜாஜ் அவற்றைத் தொடர்ந்தது.

இவற்றுள் சி.டி.100 மட்டும் வேறு வகை. மற்றவை டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு என்ஜின்கள். இது ஃபோர் ஸ்ட்ரோக் எனப்படும் நான்குவீச்சு என்ஜின். இருவீச்சு என்ஜினில் எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதனால் எரியாத கலவையில் ஒரு பகுதியும் புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். நான்குவீச்சு என்ஜினில் உள்ளிழுக்க, அழுத்த, எரிக்க, வெளியேற்ற எனத் தனித்தனி வீச்சுகள் இருப்பதால் இந்த வீணாக்கம் குறைவு. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. ஜப்பானில் 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் இந்த வழியை உலகுக்குக் காட்டியிருந்தது. சி.டி.100 வண்டிக்கு லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடலாம் என்ற பொருளில் வந்த அதன் விளம்பர வாசகம் நாடெங்கும் பரவியது.

மைலேஜால் வீழ்ந்ததும் மைலேஜுக்காகப் பிறந்ததும்

ஓட்டும் இன்பம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ராஜ்தூத் 350 ஒரு விடை. யமஹா நுட்பத்தில் 1983இல் வந்த இந்த வண்டி, அதன் காலத்தில் இந்தியச் சாலைகளில் மிக வேகமானவற்றுள் ஒன்று. இரட்டைச் சிலிண்டர் கொண்ட இருவீச்சு என்ஜின் பெட்ரோலை அள்ளிக் குடித்தது. மைலேஜைக் கூட்டுவதற்காக இதன் சக்தியைக் குறைத்து மற்றொரு வடிவமும் விட்டுப் பார்த்தார்கள். விற்பனை உயரவில்லை. 1990ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நின்றது. இன்று பழைய வண்டி சேகரிப்போர் தேடி அலையும் அதே வண்டியை அன்று வாங்க ஆளில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றது என்ஃபீல்டு டீசல் புல்லட். வயலில் நீர் இறைக்கும் சிறு டீசல் என்ஜின்களின் வகையைச் சேர்ந்த 325 சிசி என்ஜினைப் புல்லட்டின் சட்டத்தில் பொருத்தினார்கள். 6.5 குதிரைசக்தி மட்டுமே. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவது கடினம். அதிர்வும் புகையும் அதிகம். ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, அதுவும் பெட்ரோலைவிட விலை குறைந்த டீசலில். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவில் நின்றது ஆர்.எக்ஸ்.100. எடை குறைவு, 11 குதிரைசக்தி, கை திருப்பியதும் பாய்ந்து செல்லும் இயல்பு. 1996 வரை தயாரான இதன் பெயரை இன்றைய இளைஞர்களும் அறிவர்.

மலை ஏறும் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டு மைலேஜின் அறிவியலைப் பார்க்கலாம். வண்டி 110 கிலோ, இருவர் சேர்ந்து 130 கிலோ, மொத்தம் 240 கிலோ எனக் கொள்வோம். சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயரத்துக்கு இதைத் தூக்க வேண்டும். எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 14 லட்சம் ஜூல் வரும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 320 லட்சம் ஜூல். ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் எனக் கொள்ளலாம்; மீதி வெப்பமாகவும் உராய்வாகவும் போய்விடும். ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 70 லட்சம் ஜூல் பெட்ரோல் செலவாகும். அது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சமதரையில் ஓடுவதற்கு ஆகும் செலவுக்கு மேல் இது தனிச் செலவு. மலை ஏறும்போது "வண்டி எண்ணெய் குடிக்கிறது" என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

உயரம் கூடக் கூடக் காற்றும் மெலிகிறது. 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 8 முதல் 9 விழுக்காடு குறைவு. என்ஜினுக்குள் போகும் காற்று குறைவதால் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. கலவை கெட்டியாகிச் சற்று வீணாகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிகளால் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், உணர்கருவிகள் பார்த்து அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை வந்தது. அது காற்றுக்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளும்.

சமதரையில் கணக்கு வேறு. அங்கே பெரும் எதிரி காற்றின் தடை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும்போது உள்ள தடை, 60 கிலோமீட்டரில் இரண்டே கால் மடங்காகிவிடும். நெடுஞ்சாலையில் விரைந்து போனால் மைலேஜ் இறங்குவது இதனால்தான்.

இறக்கத்தில் ஒரு தவறான நம்பிக்கை

மலை இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு, சிலர் என்ஜினையே நிறுத்தி, பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உண்டு. இது உயிருக்கு ஆபத்தான சிக்கனம். நியூட்ரலில் வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டுமே. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான்.

புதிய வண்டிகளில் நியூட்ரலால் மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினால், பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இவற்றில் பொதுவாக உண்டு. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. ஆக்சிலேட்டரை மூடியபடி நெடுநேரம் இறங்கினால் மசகு குறைந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் இடையிடையே லேசாக ஆக்சிலேட்டரைத் திருப்பிக்கொண்டே இறங்கினர்.

ஓட்டும் இன்பம் எதில் இருக்கிறது

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதன் இன்பம் வேகத்தில் மட்டும் இல்லை. பேருந்திலோ காரிலோ போகிறவர் கண்ணாடி வழியே ஊரைப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஊரின் காற்றுக்குள்ளேயே போகிறார். ஆலைக் கரும்பின் வாடை, அணைக்கட்டுப் பக்கத்து ஈரம், மலை ஏறத் தொடங்கியதும் மேலில் படும் குளிர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். வளைவில் வண்டி சாய, உடலும் சேர்ந்து சாயும். அந்தச் சாய்வே வண்டியைத் திருப்புகிறது. கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேலை இருப்பதால் மனம் வேறெங்கும் போவதில்லை.

மலைப்பாதையில் நன்றாக ஓட்டுபவரைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர் வளைவைத் தொலைவிலேயே பார்த்து ஆக்சிலேட்டரைத் தளர்த்துவார்; கடைசி நேரத்தில் பிரேக் பிடிக்க மாட்டார். என்ஜின் திணறும் முன் கியரைக் குறைப்பார். வீணாக முறுக்க மாட்டார். வளைவிலிருந்து வெளியே வரும்போது மெல்லத் திருப்புவார். பெட்ரோலை மிச்சப்படுத்தும் பழக்கங்களும் இவையே. பாதுகாப்பான, இன்பமான ஓட்டத்தின் பழக்கங்களும் இவையே. பிடித்த ஒவ்வொரு பிரேக்கும் ஏற்கெனவே செலவழித்த பெட்ரோலை வெப்பமாக்கி வீசுவதுதான் என்பதை உணர்ந்தவர் இயல்பாகவே நிதானமாக ஓட்டுவார்.

மலையில் வாழ்வோரின் மைலேஜ்

விடுமுறை நாளில் அருவி பார்க்க வருகிறவருக்கு அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவானால் பெரிய இழப்பில்லை. மலைமேல் இருப்பவரின் நிலை அப்படியன்று. கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலையும் பேருந்தும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டன.

பேருந்து அரிதாக உள்ள ஊரில் மோட்டார் சைக்கிள் என்பது சந்தைக்குப் போகும் வண்டி, பள்ளிக்குப் போகும் வண்டி, நோயாளியை இறக்கும் வண்டி. சரளை பெயர்ந்த சாலையில் வண்டி அடிக்கடி வேகம் குறைத்துக் கூட்ட வேண்டியிருப்பதால் மைலேஜ் மேலும் குறையும். பெட்ரோல் பங்க் தொலைவில் இருந்தால் அங்கே போய்வரவும் பெட்ரோல் வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர், மோசமான சாலையில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமவெளிக்காரரைவிட அதிகம் செலவழிக்கிறார். நல்ல சாலை போடுவதும் ஒரு வகையில் மைலேஜைக் கூட்டுவதுதான்.

விலையும் மாற்று வழியும்

2010 ஜூன் முதல் பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பது நின்றது. 2017 ஜூனில் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை வந்தது. 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதம் தாக்கலான வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் உள்ளன என்று அப்போது நிதியமைச்சர் குறிப்பிட்டார். உழைக்கும் மக்களின் வண்டி எது என்பதை அந்த எண்ணே சொல்லும்.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு எத்தனாலின் மூலப்பொருள்களுள் ஒன்று என்பதால் கள்ளக்குறிச்சி போன்ற கரும்பு மாவட்டங்களுக்கு இது நெருக்கமான செய்தி. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். எனவே கலந்த எரிபொருளில் ஆற்றல் சுமார் 7 விழுக்காடு குறைகிறது. அதற்கென வடிவமைத்த என்ஜின் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பகுதியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. மலைச்சாலையில் மின்சார வண்டிக்குத் தனிச் சிறப்பு உண்டு. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஏறும்போது செலவான ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். பெட்ரோல் வண்டியால் ஒருபோதும் முடியாத சிக்கனம் இது. ஆயினும் சார்ஜ் செய்யும் வசதி மலை ஊர்களுக்கும் வந்தால்தான் பயன்.

மாணவர்கள் செய்து பார்க்க

வீட்டு வண்டியின் உண்மையான மைலேஜை அறிய எளிய வழி உண்டு. டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்கில் மீண்டும் அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். டயரில் காற்றைச் சரிசெய்து, செயினுக்கு மசகு போட்டு, சீராக ஓட்டிய பின் இன்னொரு முறை கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடலாம். மலைப்பகுதி மாணவர் எடுத்த கணக்கையும் சமவெளி மாணவர் எடுத்த கணக்கையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், ஒரே வண்டி இரு வேறு ஊர்களில் எவ்வளவு தூரம் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.